மேட்டில் தண்ணீர்த் தொட்டி, கீழே ஃபேக்டரி: லூப் பவர் மீட்டர் நம் மலைக்குத் தாங்குமா?

கோத்தகிரிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். மழைக்கு முன்னால் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

எங்கள் தண்ணீர்த் தொட்டி தோட்டத்துக்கு மேலே, சோலை ஓரத்தில் இருக்கிறது. கேபிள் தூரம் சுமார் 600 மீட்டர். தொட்டி 4 மீட்டர் ஆழம். உள்ளே முக்கிப் போடும் லெவல் டிரான்ஸ்மிட்டர், 4 முதல் 20 மில்லிஆம்ப் (தொட்டி காலி என்றால் 4, நிறைந்தால் 20). பக்கத்து வால்வு ரூமில் 230 வோல்ட்டில் ஓடும் டிஜிட்டல் பேனல் மீட்டர். அதன் அவுட்புட்தான் கீழே பி.எல்.சி.க்கு (தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கணினிக்கு) வந்து பம்பை நிறுத்துகிறது.

தொல்லை மூன்று விதம். சித்திரை, வைகாசி இடிக்கு அந்த மீட்டரின் பவர் சப்ளை போய்விடுகிறது. மழை பிடித்தால் கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்து எண் தெரிவதில்லை. மேலே போகும் 230 வோல்ட் லைன் மீது மரக்கிளை விழுந்தால் எல்லாமே இருட்டு, வாட்ச்மேன் மேலே ஏறிப் போய்த்தான் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கோயம்புத்தூர் சப்ளையர் ஒருவர் "லூப் பவர் மீட்டர் போடுங்கள், கரண்டே வேண்டாம்" என்கிறார். தொட்டிப் பக்கம் ஒன்று, ஆபீஸில் ஒன்று, அப்புறம் பி.எல்.சி. டிரையர் பக்கம் சூடு காட்டவும் அதே மாதிரி ஒன்று. தாங்குமா?

கெத்தை பழைய ஆள்:

தம்பி, நான் குந்தா நீர்மின் திட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பவர் ஹவுஸ் பள்ளத்தில் இருக்கும், தண்ணீர் வரும் இடம் மலை உச்சியில் இருக்கும், நடுவில் காடு. உங்கள் ஃபேக்டரியில் இருப்பது அதே பிரச்சினைதான், அளவில் சின்னது. மேலே உள்ள மட்டத்தைக் கீழே இருப்பவன் தெரிந்துகொள்ள வேண்டும், மேலே கரண்ட்டை நம்ப முடியாது.

லூப் பவர் என்பது இதற்காகவே உள்ள ஏற்பாடு. 24 வோல்ட் சப்ளை கீழே ஃபேக்டரியில், பேட்டரியோடு பத்திரமாக இருக்கும். அங்கிருந்து இரண்டே கம்பி மேலே போகும். டிரான்ஸ்மிட்டரும் அந்த இரண்டு கம்பியில்தான் ஓடுகிறது, மீட்டரும் அதே இரண்டு கம்பியில் வரிசையாக உட்கார்ந்து அந்தக் கரண்ட்டிலேயே ஓடுகிறது. டிஜிட்டல் வருவதற்கு முன்னால் முள் ஆடும் மில்லிஆம்ப் மீட்டரை இதே மாதிரி சீரீஸில் போட்டுத்தான் பார்த்தோம். அதற்கும் தனி சப்ளை கிடையாது.

தொட்டி காலியாக இருந்தாலும் 4 மில்லிஆம்ப் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதைக் கவனியுங்கள். அந்த நாலில்தான் மீட்டர் உயிர் வாழ்கிறது. கம்பி அறுந்தால் கரண்ட் பூஜ்யம், மீட்டர் அணைந்துவிடும். தொட்டி காலி என்பதும் கம்பி அறுந்தது என்பதும் ஒன்றாகத் தெரியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே 0 முதல் 20 என்ற பழைய முறை ஒழிந்தது நல்லது.

தொட்டிப் பக்கம் 230 வோல்ட் லைனையே எடுத்துவிடுங்கள். பாதி வியாதி அதில் போய்விடும்.

ஊட்டி பம்ப்ஹவுஸ்:

ஐயா சொல்வதில் இடியும் லைனும் சரி. ஆனால் ஆவி படியும் விஷயத்தில் லூப் மீட்டர் இன்னும் மோசமாகும், இதை யாரும் சப்ளையரிடம் கேட்பதில்லை.

230 வோல்ட் மீட்டர் உள்ளே சில வாட் சூடு உண்டாக்குகிறது. பெட்டி எப்போதும் வெளியே இருப்பதைவிட கொஞ்சம் கதகதப்பாக இருக்கும். லூப் மீட்டர் எடுப்பது எவ்வளவு? 4 வோல்ட் எடுத்தாலும் 20 மில்லிஆம்பில் 80 மில்லிவாட்தான். 4 மில்லிஆம்பில் 16 மில்லிவாட். பெட்டிக்குள் சூடு என்று ஒன்றுமே இல்லை. ராத்திரி வெளியே என்ன குளிரோ அதே குளிர் உள்ளே. ஊட்டியில் உறைபனி மாதங்களில் காலையில் என் பெட்டிக் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்கத் துளித்துளியாக நிற்கும்.

ஐ.பி. 67 என்று எழுதியிருந்தது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிஷம் வைத்தாலும் உள்ளே போகாது என்றார்கள். எங்கள் ஊரில் யாரும் மீட்டரைத் தண்ணீரில் போடுவதில்லை. மாதக்கணக்கில் மேகத்துக்குள்தான் வைக்கிறோம்.

நான் கேட்பது இதுதான்: மிதவை, கயிறு, எடைக்கல், சுவரில் அளவுப் பலகை. அதில் என்ன குறை?

கெத்தை பழைய ஆள்:

மிதவைப் பலகையைக் கழற்றச் சொல்லவில்லை தம்பி, அது இருக்கட்டும். எல்லாம் செத்தாலும் அது காட்டும். ஆனால் 600 மீட்டர் கீழே இருந்து மூடுபனிக்குள் பலகை தெரியாது, பம்பை நிறுத்தாது. உங்கள் சூட்டுக் கணக்கு சரி. அதை நானும் பார்த்திருக்கிறேன்.

கருவி குன்னூர்:

குன்னூரிலிருந்து எழுதுகிறேன், இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலை. ஆவி விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் வோல்ட் கணக்கு பார்த்தாக வேண்டும். "கரண்டே வேண்டாம்" என்று சப்ளையர் சொன்னது பாதிதான் உண்மை. லூப் மீட்டர் தனி கரண்ட் கேட்காது, ஆனால் லூப்பிலிருந்து வோல்ட் பிடித்துக்கொள்ளும். அந்த வோல்ட் டிரான்ஸ்மிட்டருக்குச் சேர வேண்டியது.

கோத்தகிரிக்காரர், நாலு விவரம் தாருங்கள். டிரான்ஸ்மிட்டர் லேபிளில் குறைந்தபட்ச வோல்ட் என்ன? கேபிள் எத்தனை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்)? பி.எல்.சி. உள்ளீட்டில் என்ன ரெசிஸ்டர்? வாங்கப்போகும் மீட்டரில் பின்விளக்கு உண்டா?

கோத்தகிரிக்காரன்:

மேடம், லேபிளில் 12 முதல் 30 வோல்ட் டி.சி. கேபிள் அரை ஸ்கொயர், இரண்டு கோர், ஷீல்டு உண்டு. பி.எல்.சி.யில் 250 ஓம். மீட்டர் பின்விளக்கோடு கேட்டிருக்கிறேன், வால்வு ரூம் இருட்டு. கேட்டலாக்கில் விளக்கோடு 4 வோல்ட், விளக்கு இல்லாமல் ஒன்றரை வோல்ட் என்று இருக்கிறது.

கருவி குன்னூர்:

நன்றி, இப்போது கூட்டிப் பார்ப்போம். 20 மில்லிஆம்ப் ஓடும்போது, அதாவது தொட்டி நிறைந்திருக்கும்போது:

டிரான்ஸ்மிட்டருக்கு 12 வோல்ட். இரண்டு மீட்டருக்கும் சேர்த்து 8. 250 ஓமில் 5. அரை ஸ்கொயர் செம்புக் கம்பி கிலோமீட்டருக்கு 37 ஓம் என்று வைத்தால், போக வர 1200 மீட்டருக்கு ஏறக்குறைய 45 ஓம், அதில் 0.9 வோல்ட். மொத்தம் 25.9. உங்களிடம் இருப்பது 24.

இது வேலையே செய்யாது என்று நினைக்காதீர்கள். நன்றாக வேலை செய்யும், பாதி தூரம். அதுதான் ஆபத்து. கரண்ட் குறைவாக இருக்கும்போது ரெசிஸ்டரிலும் கம்பியிலும் வோல்ட் அதிகம் விழாது. 24இல் மீட்டர்களுக்கு 8, டிரான்ஸ்மிட்டருக்கு 12 போக மிச்சம் 4 வோல்ட். அதை 295 ஓமால் வகுத்தால் 13.6 மில்லிஆம்ப் வரும். அதற்கு மேல் டிரான்ஸ்மிட்டரால் கரண்ட்டை ஏற்ற முடியாது. 13.6 என்பது உங்கள் தொட்டியில் 60 சதவீதம், 2.40 மீட்டர். தண்ணீர் அதுவரை ஒழுங்காக ஏறும், மீட்டரும் கூடவே ஏறும். அப்புறம் தண்ணீர் ஏறும், மீட்டர் நிற்கும். பி.எல்.சி. 90 சதவீதத்துக்காகக் காத்துக்கொண்டே இருக்கும், பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டி வழிந்து தோட்டத்தில் ஓடும்.

காலைக் குளிரில், சப்ளை முழு 24 இருக்கும் நேரத்தில் சோதித்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். தொட்டியை நிறைத்து யாரும் சோதிப்பதில்லை.

மஞ்சூர் தேயிலை:

மேடம் எழுதியதைப் படித்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஃபேக்டரியில் டிரையர் உள்காற்றுச் சூடு 100ஐத் தாண்டினால் காட்டி ஒரே எண்ணில் நின்றுவிடும். டிரான்ஸ்மிட்டர் கோளாறு என்று புதிதாக மாற்றினார்கள், சென்சார் மாற்றினார்கள், அதே கதை. அந்த லூப்பில் பேனல் மீட்டர், ரெக்கார்டர், அப்புறம் மேஸ்திரி பார்க்க என்று புதிதாகச் சேர்த்த லூப் மீட்டர், எல்லாம் சீரீஸில் இருக்கின்றன. டிரையருக்கு 120 டிகிரிக்கு மேல் வேண்டும், காட்டி 100இல் நிற்கிறது என்றால் ஃபயர்மேன் விறகை அள்ளிப் போடுகிறார். தூள் கருகிய வாசம் வந்த பிறகுதான் தெரிகிறது.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டா?

கருவி குன்னூர்:

உண்டு. காட்டி நின்றிருக்கும் அந்த நேரத்தில் டிரான்ஸ்மிட்டரின் இரண்டு முனைகளில் மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். லேபிளில் உள்ள குறைந்தபட்ச வோல்ட்டை ஒட்டியோ கீழேயோ இருந்தால் டிரான்ஸ்மிட்டர் நல்லது, பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஒவ்வொரு மீட்டர் முனையிலும் எவ்வளவு விழுகிறது என்று பார்த்தால் யார் தின்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

கோத்தகிரிக்காரருக்குத் தீர்வு. முதலில் தொட்டிப் பக்கம் மட்டும் விளக்கோடு வையுங்கள். ஆபீஸில் ட்யூப் லைட் இருக்கிறது, அங்கே விளக்கு எதற்கு? அங்கே இரண்டரை வோல்ட் மிச்சம், மொத்தம் 23.4 ஆகும். கணக்குக்குச் சரி, ஆனால் 24க்கும் 23.4க்கும் நடுவில் 0.6தான் இடைவெளி. டெர்மினல் கொஞ்சம் பச்சை பிடித்தாலே போய்விடும். அதனால் சப்ளையையும் 28 வோல்ட்டுக்கு ஏற்றுங்கள். எஸ்.எம்.பி.எஸ். என்பது 24 வோல்ட் தரும் சப்ளைப் பெட்டி; பேனல் பட்டையில் மாட்டும் ரயில் மவுண்ட் வகையில் பெரும்பாலானவற்றின் முகப்பில் சின்ன ஸ்க்ரூ இருக்கும், 28 வரை ஏறும். உங்கள் டிரான்ஸ்மிட்டர் 30 வரை தாங்கும் என்று லேபிளே சொல்கிறது. பி.எல்.சி.யும் அதே எஸ்.எம்.பி.எஸ்.இல் ஓடினால் அதை ஏற்றாதீர்கள். லூப்புக்கு என்று சின்னதாகத் தனி எஸ்.எம்.பி.எஸ். வாங்குங்கள்.

250 ஓமை 100 ஆக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். ஹார்ட் (HART) கம்யூனிகேட்டர், அதாவது அதே கம்பி வழியாக டிரான்ஸ்மிட்டரோடு பேசும் கருவி, மாட்டும் எண்ணம் இருந்தால் அந்த 250 வேண்டும். இல்லையென்றால் மாற்றலாம், பி.எல்.சி.யில் அளவீட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

இன்னொன்று. லூப்பிலிருந்தே எரியும் பின்விளக்கு பல மீட்டர்களில் கரண்ட் குறைந்தால் மங்கும். 4 மில்லிஆம்பில் விளக்குக்குக் கிடைப்பது சில மில்லிவாட்தான். தொட்டி காலியாகும்போதுதான் எண் மங்கலாகத் தெரியும், அப்போதுதான் நமக்கு அது நன்றாகத் தெரிய வேண்டும். வாங்கும்முன் 4 மில்லிஆம்ப் கொடுத்து இருட்டில் காட்டச் சொல்லுங்கள்.

கெத்தை பழைய ஆள்:

அருமை அம்மா. ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். பேனல் மீட்டர் மாட்டிப் பழகிய பையன்கள் லூப் மீட்டரைக் கண்டதும் 24 வோல்ட்டை நேராக அதன் இரண்டு முனையில் கொடுத்துவிடுவார்கள். கரண்ட்டைக் கட்டுப்படுத்த டிரான்ஸ்மிட்டர் நடுவில் இல்லை, மீட்டர் புகைந்துவிடும். வெறும் மீட்டரைச் சோதிக்க வேண்டும் என்றால் கரண்ட்டை அளவாகச் செலுத்தும் லூப் கேலிபிரேட்டர் வேண்டும். அது இல்லையென்றால் டிரான்ஸ்மிட்டரோடு சேர்த்தே சோதியுங்கள்.

ஓடும் லூப்பில் மீட்டரைக் கழற்ற வேண்டி வந்தால் பம்ப் நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். மல்டிமீட்டரை மில்லிஆம்பில் வைத்து, மீட்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே கிளிப் மாட்டுங்கள். கரண்ட் மல்டிமீட்டர் வழியாகப் போகும், லூப் மீட்டர் அணையும், கீழே பி.எல்.சி.க்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் நிதானமாகக் கழற்றலாம். கிளிப் வழுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி பம்ப்ஹவுஸ்:

ஆவிக்கு வருகிறேன் என்று சொன்னீர்கள் மேடம்.

கருவி குன்னூர்:

வந்துவிட்டேன். நீங்கள் சொன்ன சூட்டுக் கணக்கு இந்த இழையிலேயே முக்கியமான விஷயம், சமவெளியில் இருப்பவர்களுக்கு அது தோன்றவே தோன்றாது.

நடப்பது இதுதான். பகல் 11 மணிக்கு வெயில் பட்டால் பெட்டி சுடுகிறது, உள்ளே காற்று விரிந்து ஏதோ ஒரு இடுக்கு வழியாக வெளியே போகிறது. சாயங்காலம் மேகம் இறங்கியதும் பெட்டி சட்டென்று குளிர்கிறது, உள்ளே அழுத்தம் குறைந்து வெளிக்காற்றை இழுக்கிறது. அந்த நேரம் வெளிக்காற்று என்பது மூடுபனிதான். தினமும் ஒரு மூச்சு. கேஸ்கட் நன்றாக இருந்தாலும் கேபிளின் மெல்லிய கம்பி இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகவே காற்று வந்துவிடும். உள்ளே வந்த ஈரம் வெளியே போவதில்லை. மிகக் குளிர்ந்த இடம் கண்ணாடி, அதனால் அங்கே படிகிறது. நன்றாக மூடிய பெட்டியில் ஈரம் இன்னும் நன்றாக மாட்டிக்கொள்கிறது.

அதனால் நான் மூடுவதை மட்டும் நம்புவதில்லை. கேட்க வேண்டியது இவை: கண்ணாடிக்கும் எல்.சி.டி.க்கும் நடுவே காற்று இடைவெளி இல்லாமல் முழுக்க ரெசின் நிரப்பிய மீட்டர் கிடைக்கிறதா? கிடைத்தால் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். காற்று இல்லாத இடத்தில் ஆவி படியாது. கிடைக்காவிட்டால் போர்டு மீது ஈரம் தடுக்கும் பூச்சு (கன்ஃபார்மல் கோட்டிங்) கட்டாயம், பெட்டியின் அடியில் காற்றை விட்டுத் துளியைத் தடுக்கும் சவ்வு வென்ட் ஒன்று கட்டாயம். அழுத்தம் அதன் வழியாகச் சமமாகிவிட்டால் கேபிள் நுழையும் கிளாண்டு வழியாக உறிஞ்சாது. வெயில் நாளில் உள்ளே உள்ள ஈரமும் அதே வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும்.

சிலிகா ஜெல் பொட்டலம் பற்றிக் கேட்பீர்கள். வென்ட் இருக்கும் பெட்டியில் மழைக்காலத்தில் அது சீக்கிரமே நனைந்துவிடும், அப்புறம் அதுவே ஈரத்தைத் திருப்பிக் கொடுக்கும். முழுக்க மூடிய பெட்டிக்கு மட்டும் சரி.

கேபிள் எப்போதும் அடிப்பக்கமாக நுழையட்டும், நுழையும் முன்னால் ஒரு தொங்கல் விடுங்கள். பைப்புக்குள் கேபிள் வந்தால் பைப் வாயையும் அடையுங்கள். மண்ணுக்கடியில் இருக்கும் ஈரக்காற்று பைப் வழியாக நேரே பெட்டிக்குள் ஏறுகிறது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மஞ்சூர் தேயிலை:

எங்கள் வால்வு ரூமில் டெர்மினல் எல்லாம் ஆறு மாதத்தில் பச்சையாகிவிடுகிறது. ஈரம்தான் காரணமா?

கருவி குன்னூர்:

ஈரம் மட்டும் என்றால் இவ்வளவு வேகம் இருக்காது. அந்த ரூமில் ப்ளீச்சிங் பவுடர் வைத்திருக்கிறீர்களா?

மஞ்சூர் தேயிலை:

ஆமாம், மூட்டை மூலையில் இருக்கிறது. தொட்டிக்குப் போடுவதற்கு.

கருவி குன்னூர்:

அதை முதலில் வெளியே எடுங்கள். ஈரத்தில் அது விடும் குளோரின் வாயு செம்பைத் தின்றுவிடும். எந்த மீட்டர் போட்டாலும் அந்த மூட்டை இருக்கும்வரை நிலைக்காது.

டிரையர் பக்கம் கதை வேறு. அங்கே ஆவி அல்ல, சூடும் பஞ்சு போன்ற தேயிலைத் தூசியும். தூசி வென்ட்டை அடைத்துவிடும், அதனால் அங்கே ரெசின் நிரப்பியதுதான் சரி. எல்.சி.டி. பெரும்பாலும் 70 டிகிரி வரைதான் தாங்கும், அதற்கு மேல் முகமே கறுத்துவிடும். மீட்டரை டிரையர் உடம்பில் மாட்டாதீர்கள். சென்சார் தலைக்குள் வைக்கும் சின்ன டிரான்ஸ்மிட்டருக்கும் ஏறக்குறைய 85 டிகிரிதான் எல்லை, சூட்டுத் தகட்டை ஒட்டி இருந்தால் அதுவும் போகும். இரண்டையும் எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோங்கள்.

கோத்தகிரிக்காரன்:

இடிக்கு என்ன செய்வது? பெரிய செலவு அதில்தான் வருகிறது.

கெத்தை பழைய ஆள்:

230 வோல்ட் லைனை எடுப்பதே முதல் வைத்தியம் என்றேன், காரணம் சொல்கிறேன். இப்போது உங்கள் மேல் மீட்டரில் இரண்டு வழி சந்திக்கின்றன. ஒரு பக்கம் மின்வாரிய லைன், இன்னொரு பக்கம் கீழே போகும் சிக்னல் கம்பி. லைனில் வரும் அதிர்ச்சி மீட்டரைத் தாண்டிச் சிக்னல் கம்பிக்குள் குதித்துக் கீழே பி.எல்.சி. வரை போகும். லூப் மீட்டரில் அந்தச் சந்திப்பே கிடையாது.

ஆனால் சிக்னல் கம்பி 600 மீட்டர். மேட்டு மண்ணுக்கும் பள்ளத்து மண்ணுக்கும் இடி விழும் நொடியில் ஆயிரக்கணக்கில் வோல்ட் வித்தியாசம் வரும். அதனால் இரண்டு முனையிலும், அந்த அதிர்ச்சியை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் ப்ரொடெக்டர் வேண்டும். ஒரு முனையில் மட்டும் போட்டால் மறுமுனை செத்துப்போகும். ஒவ்வொன்றின் எர்த் கம்பியும் குட்டையாக, நேராக, அந்தந்த இடத்து எர்த்துக்குப் போகட்டும். சுருட்டி வைத்த எர்த் கம்பி இருந்தும் பயனில்லை. கேபிள் ஷீல்டை ஃபேக்டரி முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

பாறை நிலத்தில் எர்த் கிடைப்பது கஷ்டம். தொட்டி வழிந்து போகும் ஈரமான பக்கமாகக் குழி எடுங்கள், கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள்.

கேபிள் கம்பத்தில் தொங்குகிறதா?

கோத்தகிரிக்காரன்:

பாதி கம்பத்தில், பாதி மண்ணில். கம்பத்தில் காட்டெருமை உரசிச் சாய்ந்திருக்கிறது. மண்ணில் உள்ளதைப் பன்றி தோண்டிப் போட்டிருக்கிறது.

கெத்தை பழைய ஆள்:

முழுக்க மண்ணுக்குள் இறக்குங்கள், இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிளாக. பன்றி தோண்டும் இடத்தில் மேலே கல் அடுக்குங்கள். முள்ளம்பன்றிக்கும் எலிக்கும் வெறும் பி.வி.சி. உறை பிடிக்கும்.

ஊட்டி பம்ப்ஹவுஸ்:

இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டும், உயரம். மின்கருவிகளுக்கான ஐ.இ.சி. 61010 பாதுகாப்புத் தரத்தின்படி சாதாரணச் சூழல் என்றால் 2000 மீட்டர் உயரம் வரைதான், ஈரப்பதம் 31 டிகிரி வரை 80 சதவீதம்தான். ஊட்டி 2240 மீட்டர். ஈரப்பதம் பற்றிச் சொல்லவே வேண்டாம், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, மெலிந்த காற்றில் 230 வோல்ட் முனைகளுக்கு நடுவே கூடுதல் இடைவெளி தேவை. 24 வோல்ட் லூப்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை. உறைபனிக்கும் பயமில்லை, நல்ல எல்.சி.டி. மைனஸ் 20 வரை தாங்கும். ஆவியில் எனக்குக் குறை இருந்தாலும், இந்த இரண்டு விஷயத்திலும் லூப் மீட்டருக்கே என் ஓட்டு.

முக்கிப் போடும் லெவல் டிரான்ஸ்மிட்டரின் கேபிளுக்குள் ஒரு சின்னக் காற்றுக் குழாய் வரும். வெளிக்காற்று அழுத்தத்தைச் சென்சாரின் பின்பக்கம் கொண்டுபோவதற்கு அது. அதன் வாய் வால்வு ரூமில் திறந்திருக்கும். அதற்குள் ஆவி புகுந்து சொட்டு கட்டினால் மட்டம் தப்பாகக் காட்டும். அதற்கென்று உலர்த்தி மூடி விற்கிறார்கள், நிறம் மாறினால் மாற்ற வேண்டும்.

கருவி குன்னூர்:

இதைச் சொன்னது நல்லதாயிற்று. சிலர் தொல்லையே வேண்டாம் என்று காற்றுக் குழாய் இல்லாத, மூடி சீல் வைத்த சென்சாரை வாங்கிவிடுவார்கள். அது கடல்மட்ட அழுத்தத்தில் சீல் செய்தது. கோத்தகிரியில் 1800 மீட்டர் என்று வைத்தால் காற்றழுத்தம் 815 மில்லிபார் அளவுதான், கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 200 குறைவு. அது 2 மீட்டர் தண்ணீருக்குச் சமம். 4 மீட்டர் தொட்டி நிறைந்திருக்க, மீட்டர் 2 மீட்டர் என்று காட்டும். தொட்டி பாதிக்குக் கீழே போனால் கரண்ட் 4க்கும் கீழே இறங்கி, லூப் மீட்டர் கோளாறு என்று கத்தும் அல்லது அணைந்துவிடும். மீட்டரைக் குறை சொல்வார்கள். மீட்டர் மீது ஒரு தப்பும் இல்லை.

அருவங்காடு பக்கம்:

படித்துக்கொண்டே வருகிறேன், ஒரு கேள்வி. சால்வென்ட் ஆவி உள்ள இடத்தில் லூப் மீட்டர் போடலாமா?

கருவி குன்னூர்:

போடலாம், ஆனால் அந்த இடத்தின் வகைப்பாட்டுக்கு ஏற்ற சான்றிதழ் உள்ள மாடல் மட்டும். லூப் மீட்டர் எடுக்கும் சக்தி மிகக் குறைவு என்பதால் தீப்பொறிக்குத் தேவையான சக்தி வராமல் கட்டுப்படுத்துவது எளிது. பாதுகாப்பான பக்கத்தில், உள்ளே போகும் சக்தியைக் கட்டுப்படுத்தும் பேரியர் வேண்டும். சாதாரண 28 வோல்ட் ஜீனர் பேரியரில் 300 ஓம் இருக்கும், 20 மில்லிஆம்பில் 6 வோல்ட் அதிலேயே விழும். முன்னால் போட்ட கணக்கை அதையும் சேர்த்துத் திரும்பப் போடுங்கள். பேரியர் இருந்தால் சப்ளையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, ஃபியூஸ் போய்விடும். இதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், இங்கே வைத்து முடியாது.

கோத்தகிரிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. முதலாளியிடம் பேசிவிட்டேன். மேலே போகும் 230 வோல்ட் லைனை எடுத்துவிடுகிறோம். தொட்டிப் பக்கம் ரெசின் நிரப்பிய மீட்டர், விளக்கோடு. ஆபீஸில் விளக்கு இல்லாத சாதாரண மாடல். லூப்புக்குத் தனி எஸ்.எம்.பி.எஸ்., 28 வோல்ட். இரண்டு முனையிலும் சர்ஜ் ப்ரொடெக்டர். கேபிளை ஒரு ஸ்கொயர் ஆர்மர்டாக மாற்றுகிறோம். மிதவைப் பலகை அப்படியே இருக்கும்.

பம்பை நிறுத்தும் வேலையை லூப் மீட்டரே செய்யுமா என்று முதலாளி கேட்கிறார், பி.எல்.சி. பழுதானால் உதவும் என்று.

கருவி குன்னூர்:

அதை அதனிடம் கேட்காதீர்கள். லூப் மீட்டரில் ரிலேயை இழுக்கும் சக்தி கிடையாது. சில மாடல்களில் சின்ன டிரான்சிஸ்டர் அவுட்புட் இருக்கும், கான்டாக்டர் காயிலை நேராக ஓட்ட அது போதாது. தொட்டியில் தனியாக ஒரு ஃப்ளோட் சுவிட்ச் போட்டு, அதைப் பம்ப் ஸ்டார்ட்டரோடு நேரடியாக இணையுங்கள். இந்த லூப்போடு அதற்குச் சம்பந்தமே இருக்கக் கூடாது.

பி.எல்.சி.யில் ஒன்று மட்டும் மாற்றுங்கள். 3.6 மில்லிஆம்புக்குக் கீழே போனாலும் 21க்கு மேலே போனாலும் அதை மட்டம் என்று எடுத்துக்கொள்ளாமல் கோளாறு என்று எடுத்து, பம்பை நிறுத்தி அலாரம் அடிக்கட்டும். நாமூர் என்ற கருவிப் பயனாளர் சங்கத்தின் என்.இ. 43 பரிந்துரைக்கும் எல்லைகள் அவை. கம்பி அறுந்ததைக் காலித் தொட்டி என்று நினைத்து இரவெல்லாம் பம்ப் ஓடுவது அப்போதுதான் நிற்கும்.

கெத்தை பழைய ஆள்:

மாட்டி முடித்ததும் மேலே ஒரு ஆள், கீழே ஒரு ஆள் நின்று 4, 12, 20 மூன்றையும் கேலிபிரேட்டரால் செலுத்திப் பாருங்கள். 12க்கு இரண்டு மீட்டரும் 2.00 மீட்டர் காட்ட வேண்டும், பி.எல்.சி.யும் அதையே காட்ட வேண்டும். கேலிபிரேட்டரை டிரான்ஸ்மிட்டர் இருக்கும் இடத்தில், அதற்குப் பதிலாக மாட்டுங்கள். சப்ளை கீழேயே இருக்கட்டும். அதன் பிறகு தொட்டியை உண்மையிலேயே வழியும்வரை நிறைத்துப் பாருங்கள், 20இல் டிரான்ஸ்மிட்டர் முனையில் எத்தனை வோல்ட் மிச்சம் என்று அளந்து மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள். நாளைக்கு யாராவது லூப்பில் இன்னொரு மீட்டர் சேர்க்க வந்தால் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சேர்க்கட்டும்.

கோத்தகிரிக்காரன்:

செய்கிறேன் ஐயா. மேலே கம்பிகள் சேரும் ஜங்ஷன் பாக்ஸ் மட்டும் சாதாரண மூடிய பெட்டிதான். அதை எப்போது மூடுவது நல்லது?

ஊட்டி பம்ப்ஹவுஸ்:

மூடுபனி இறங்கும் நேரத்தில் திறக்கவே திறக்காதீர்கள், திறந்த நேரத்தில் உள்ளே இருக்கும் காற்றுதான் மழைக்காலம் முழுக்க உள்ளே இருக்கும். மாசி, பங்குனியில் காய்ந்த காற்று வீசும் ஒரு மதியம் பார்த்து, டெர்மினல் எல்லாவற்றையும் துடைத்து, புது சிலிகா ஜெல் வைத்து மூடுங்கள். மூடியின் நாலு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காக முறுக்குங்கள், இல்லாவிட்டால் கேஸ்கட் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.